புதிதாய் வந்த சேருக்கும் டீச்சருக்கும்



புதிய பாடசாலை ஆண்டு தொடங்கிவிட்டது. பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தங்கள் நடக்கின்றன. சுண்ணாம்புக் கோடு போடுகிறவர்களும் இல்லத்துக்குக் கொடி தைக்கிறவர்களுமாகப் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள். இதே நாட்களில்தான் தோட்டப்புறப் பாடசாலைகளுக்குப் புதிய ஆசிரியர்கள் நியமனக் கடிதத்தோடு வந்து இறங்குகிறார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்து முடித்தவரும் இருப்பார். பல்கலைக்கழகம் போய் வந்த அதே தோட்டத்துப் பிள்ளையும் இருப்பார். அவர்களில் ஒருவருக்கு விளையாட்டில் பழக்கம் உண்டு என்று தெரிந்துவிட்டால் போதும். இரண்டாம் நாளே பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, “சேர், நமக்கும் ஒரு டீம் போடுவமா?” என்று கேட்டுவிடுவார்கள்.

அந்தக் கேள்விக்குச் சரியென்று தலையாட்டிவிட்ட சேருக்கும் டீச்சருக்கும்தான் இந்த மாத ஆசிரியர் பக்கம். அவர்களைச் சுற்றியிருக்கும் அதிபர்களும் பெற்றோரும் பழைய மாணவர்களும் கூடவே இருந்து வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால், ஓர் அணியை ஓராண்டில் சேர்த்துவிடலாம். அந்த அணியில் ஆடிய பிள்ளைகள் படித்து முடித்துப் போன பின்பும் அதே மைதானத்தில் அதே நேரத்துக்குப் பயிற்சி நடக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. அப்படி நடக்கும்படி செய்வது ஒருவரின் கையில் இல்லை. பயிற்றுவிப்பாளரும் பிள்ளைகளும் சேர்ந்து கட்ட வேண்டும். ஊர் பொறுமையாகக் கூட நிற்க வேண்டும்.

கூடைப்பந்தாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் உள்ள சமதளம் தேவை. பந்து தரையில் பட்டு நேராக எழும்ப வேண்டும் என்பதால் சிமெந்துத் தரையோ பலகைத் தரையோ இருக்க வேண்டும். வலைப்பந்தாட்டத்துக்கு 30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் வேண்டும். அதில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது கிடையாது என்பதால் புல்தரையிலும் மண்தரையிலும் ஆடலாம். கரப்பந்தாட்டத்துக்கோ 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் போதும்.

ஊவாவின் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த அளவுகள் சொல்லும் சேதி உடனே விளங்கும். நமது மலைகளில் சமதளம் அருமையான பொருள். இருக்கிற கொஞ்சத்தில் தேயிலை ஸ்டோர் நிற்கும், கோயில் நிற்கும், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களமும் கொழுந்து நிறுக்கும் மடுவமும் இருக்கும். மிச்சமெல்லாம் தேயிலை ஏறிய சரிவு. கரப்பந்தாட்டம் 1991 முதல் நாட்டின் தேசிய விளையாட்டு. ஆனால் நமது தோட்டங்களில் அது வேர் பிடித்ததற்குப் பெரட்டுக்களத்தில் இரண்டு கம்பம் நட்டால் அடங்கிவிடும் என்பதும் ஒரு காரணம். பெரும்பாலான தோட்டங்களில் எல்லோருக்கும் பொதுவான பெரிய வெளி என்று மிஞ்சுவது பாடசாலை மைதானம்தான். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்தபோது உயிர் தப்பியவர்கள் ஒதுங்கியது பாடசாலைகளில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் எத்தனையோ குடும்பங்களுக்கு வகுப்பறைகளே வீடாயின. ஆகவே அந்த மைதானத்தில் ஒரு வளையம் நடுவதென்பது விளையாட்டுப் பாடத்தோடு முடிகிற காரியமில்லை. அது ஊரின் நடுவில் செய்கிற வேலை.

கூடைப்பந்தாட்டம் பிறந்ததே இடநெருக்கடியில்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இருந்த வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பாடசாலையில், கடும் குளிரால் வெளியே போக முடியாமல் சலித்துக் கிடந்த 18 மாணவர்களை ஜேம்ஸ் நைஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடத்து விளிம்பில் இரண்டு பீச் பழக்கூடைகளை அடித்து மாட்டினார். 13 விதிகள் எழுதி ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்து உதைபந்தைக் கையில் கொடுத்து ஆடச் சொன்னார். சில ஆண்டுகளில் அந்த ஆட்டம் இங்கிலாந்து போய், பெண்களுக்கான வலைப்பந்தாட்டமாகவும் உருமாறியது. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹரி குரோ பக் என்பவர் 1920 இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். சென்னை நந்தனத்தில் இன்றும் அது இயங்குகிறது. தமிழ் மண்ணில் உடற்கல்வி ஆசிரியர்கள் என்றொரு பரம்பரை உருவானதில் அந்தக் கல்லூரிக்குப் பெரிய பங்குண்டு.

நைஸ்மித்தின் கதையில் புதிய பயிற்றுவிப்பாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி அதற்குப் பிறகு வருகிறது. 1898 இல் அவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே கூடைப்பந்து அணியைத் தொடங்கி 1907 வரை நடத்தினார். அவருடைய அணி வென்றது 55 ஆட்டங்கள், தோற்றது 60. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே, அந்தப் பல்கலைக்கழகத்தின் நீண்ட வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி கூடிய ஒரே பயிற்றுவிப்பாளர். அப்படியானால் அவர் தோற்றவரா? அவரிடம் ஆடிய ஃபொக் அலன் பின்பு அதே கன்சாஸில் 39 பருவங்கள் பயிற்றுவித்தார். அலனிடம் ஆடிய டீன் ஸ்மித் வட கரோலினாவில் பயிற்றுவிப்பாளரானார். டீன் ஸ்மித்திடம் கல்லூரிப் பிள்ளையாக வந்து சேர்ந்தவர்தான் உலகமே அறிந்த மைக்கல் ஜோர்டன். முதல் ஆளின் வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் இந்த வரிசை யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

நைஸ்மித்திடம் இன்னொரு மாணவரும் படித்தார். நமது மக்களுக்கு நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அவருடைய கதையைத்தான். ஜோன் மெக்லென்டன், கறுப்பின இளைஞர், 1933 இல் கன்சாஸில் உடற்கல்வி படிக்க வந்தார். கூடைப்பந்தாட்டத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் கறுப்பர் என்பதால் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே ஆசிரியர், அவரிடமே பாடம், மைதானத்தில் இறங்க மட்டும் அனுமதியில்லை. அவர் ஒதுங்கிப் போகவில்லை. நைஸ்மித்தின் பக்கத்தில் இருந்து கற்பிக்கும் முறையைக் கற்றார். தான் ஆட முடியாததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று தீர்மானித்தார்.

1940 இல், வட கரோலினாவின் டர்ஹம் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென்றிருந்த சிறிய கல்லூரியில் அவர் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். அப்போது அவருக்கு வயது 25. இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த ஊர் அது. கூடைப்பந்தாட்டம் நின்று நிதானித்து ஆடப்பட்ட காலத்தில், ஓட்டத்தின் மேல் தன் அணியைக் கட்டினார் மெக்லென்டன். பிள்ளைகளை நெடுந்தூரம் ஓடவிட்டார். பந்து கையில் கிடைத்த கணத்திலேயே எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும் ஆட்டத்தைப் பழக்கினார். இன்று உலகம் முழுவதும் ஆடப்படுகிற வேகமான ஆட்டத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. நகர மக்கள் தேவாலயங்களில் இருந்த நேரம். டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணி ஒன்று யாருக்கும் தெரியாமல் மெக்லென்டனின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தது. கதவுகளை உள்ளே பூட்டிக்கொண்டு ஆடினார்கள். வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. மெக்லென்டனின் பிள்ளைகள் 88க்கு 44 என்று வென்றார்கள். அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு அணியினரும் கலந்து, புதிதாகப் பக்கம் பிரித்து இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். இந்தச் சேதி 50 ஆண்டுகளுக்கு மேல் வெளியே வரவில்லை. பின்பு மெக்லென்டன் நேஷ்வில் நகரக் கல்லூரி ஒன்றின் அணியை 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசிய மட்டத்தில் ஒரு பிரிவின் சாம்பியனாக்கினார்.

1823 தொடங்கி 200 ஆண்டுகளைக் கடந்துவிட்ட மலையக வாழ்க்கையை அறிந்த எவருக்கும் இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தோன்றாது. 1948 இல் குடியுரிமை பறிபோன சமூகம் நாம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977 இல்தான். அதுவரை ஒரு மாஸ்டர், ஒரு கூடம், ஐந்தாம் வகுப்பு என்ற அளவில் நம் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோனது. விளையாட்டு என்று தனியாக ஒரு பாடவேளை என்பது நமக்கு நேற்று முன்தினம் கிடைத்த சொத்து. பதுளை வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்குக்கு மாகாணப் போட்டிக்கென்று ஒரு தோட்டத்துப் பிள்ளை போய் இறங்கும்போது, அந்த 200 ஆண்டு நடையும் கூடவே வருகிறது. அங்கே சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். டர்ஹமில் கதவைப் பூட்டிக்கொண்டு செய்ய வேண்டியிருந்ததை இங்கே பட்டப்பகலில் செய்ய முடிகிறது. ஆட்டம் முடிந்த பின் இரண்டு பாடசாலைப் பிள்ளைகளையும் கலந்து ஒரு சிநேகபூர்வ ஆட்டம் ஆடவிடுங்கள் என்று ஊவாவின் எல்லாப் பயிற்றுவிப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நம் வீட்டுக்குள்ளேயே ஒரு கதை. தேயிலைத் தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரின் பேரன், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மத்திம வேகத்தில் பந்து வீசிக்கொண்டிருந்தார். பதினான்கு வயதில், சுழற்பந்து வீசிப் பார் என்று சொன்னவர் கல்லூரியின் கிரிக்கெட் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. 2010 ஜூலையில் காலி மைதானத்தில் முத்தையா முரளிதரன் தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது உலகம் எழுந்து நின்றது. ஒரு பாடசாலைப் பயிற்றுவிப்பாளரின் கண் செய்த வேலை அது. பிள்ளை தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருக்கும்போதே, அவனுக்குள் இருக்கிற வேறொன்றைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியராகவோ பயிற்றுவிப்பாளராகவோதான் இருக்கிறார்.

கூடைப்பந்து, வலைப்பந்து என்றதும் உயரம் பற்றிய பேச்சு வரும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தை வாசகர்கள் நன்றாக அறிவார்கள். 208 சென்ரிமீற்றர் உயரம். 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை வலைப்பந்து அணி ஆசியக் கிண்ணத்தை மீண்டும் வென்றபோது அணியின் தூணாக நின்றார். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிக கோல்கள் போட்டார். அவரைப் பார்த்துப் பெருமைப்படுவோம். ஆனால் தோட்டப்புறப் பாடசாலையில் அணி தெரிவு செய்யப் போகும் ஆசிரியர் இன்னொரு கணக்கையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணிப்பாய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் கிட்டத்தட்ட மூவருக்கு ஒருவர் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாதவர். நாட்டின் மொத்தச் சராசரியோ ஆறு பேருக்கு ஒருவர். உயரத்தை மட்டும் பார்த்து அணி சேர்த்தால், குழந்தைப் பருவத்துப் பசிக்காகப் பிள்ளையை இரண்டாம் முறையும் தண்டித்ததாகும்.

அதனால் கால்களைப் பாருங்கள். மேல்கணக்கிலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி, மாலையில் அதே ஏற்றத்தை ஏறிப் போகிற பிள்ளைகள் அவர்கள். மெக்லென்டன் ஓடவைத்துச் சேர்த்த மூச்சை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்து போவதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அந்த மூச்சுக்கு ஏற்ற ஆட்டத்தைக் கட்டினால் குட்டையான அணியும் நெட்டையான அணியைக் களைக்கவைக்கும். கூடவே வயிற்றையும் கவனியுங்கள். காலையில் வெறும் பிளேன்டீயோடு வந்த பிள்ளையை மத்தியானம் ஓடவிடக் கூடாது. ஒரு கை அவித்த கடலை, ஒரு வாழைப்பழம், முடிந்த நாளில் ஒரு முட்டை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கிண்ணம் வாங்கக் காசு சேர்ப்பதற்கு முன் இதற்குச் சேர்க்கட்டும்.

ஆடுகளம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பக்கத்துக்கு மூன்று பேர் ஆடும் கூடைப்பந்தாட்டம் டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே இடம் பிடித்துவிட்டது. அதற்கு ஒரே ஒரு வளையமும், 15 மீற்றர் அகலமும் 11 மீற்றர் நீளமும் உள்ள தரையும் போதும். வளையம் 45 சென்ரிமீற்றர் குறுக்களவு, தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரம். ஸ்டோர் வேலைத்தளத்தில் ஒட்டுவேலை தெரிந்த அண்ணன்மார் ஒரு நாள் மாலையில் செய்து தந்துவிடுவார்கள். காலை ஒன்றுகூடலுக்குப் பிள்ளைகள் நிற்கிற சிமெந்து முற்றம் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். சிமெந்தே இல்லையென்றால் வலைப்பந்தாட்டத்தில் தொடங்குங்கள். ஐப்பசி தொடங்கி மழை மாதங்களில் வகுப்பறையில் விதிகளைப் படியுங்கள். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது பந்து சொல் கேட்காது. அந்த நாட்களில் கிட்டத்திலிருந்து கொடுத்து வாங்கும் பயிற்சியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நேரம்தான் நமக்குள்ள பெரிய சிக்கல். பாடசாலை விடுவதற்கும் பிள்ளைகளின் பஸ் போவதற்கும் இடையில் சில இடங்களில் முக்கால் மணி நேரம்கூட இருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் போதும். வாரத்தில் இரண்டு நாள் என்று சொன்னால் அந்த இரண்டு நாளும் நடக்க வேண்டும். போட்டி நெருங்கும்போது பத்து நாள் விழுந்து விழுந்து ஆடி, போட்டி முடிந்ததும் பந்தை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிற பழக்கம் நம் பாடசாலைகளில் நிறைய உண்டு. அதை மாற்றுவதுதான் புதிய பயிற்றுவிப்பாளர் செய்ய வேண்டிய முதல் காரியம்.

இரண்டாவது காரியத்தைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்க வேண்டும். அணித் தலைவி ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். யார் வந்தார்கள், எத்தனை எறிந்தார்கள், எத்தனை விழுந்தது, அடுத்த வாரம் எதைப் பழக வேண்டும் என்று அவளே எழுதட்டும். பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவரும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தருக்குப் பொறுப்பாக இருக்கட்டும். ஒரே லயத்தில் இருக்கிற அக்காவும் தங்கச்சியுமாகவோ, ஒரே பாதையில் நடந்து வருகிறவர்களாகவோ இருந்தால் இன்னும் நல்லது. பஸ் வராத நாளில் சேர் வர முடியாமல் போனாலும் பயிற்சி நடக்கும். நமது பாடசாலைகளில் ஆசிரியர் இடமாற்றம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இடமாற்றக் கடிதம் வந்த அன்றோடு அணியும் கலைந்துபோன கதைகள் ஊவாவில் ஊருக்கு ஒன்று கேட்கலாம். பிள்ளைகளின் கையில் கொப்பியும் பொறுப்பும் இருந்தால் அடுத்து வருகிறவர் வெறுந்தரையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளின் அணி என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் 1974 இல் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பேற்ற பாட் சமிட்டுக்கு அப்போது வயது 22. அணியின் வேனைத் தானே ஓட்டினார். பிள்ளைகளின் உடுப்பைத் தானே துவைத்தார். முதல் தேசியக் கிண்ணம் கைக்கு வந்தது 1987 இல். 38 பருவங்களில் எட்டுக் கிண்ணங்கள், 1,098 வெற்றிகள் என்று அவர் கணக்கு நிறைந்தது. அந்தக் கணக்கைவிடப் பெரியது ஒன்றுண்டு. அவரிடம் தங்கள் காலம் முழுவதும் ஆடி முடித்த பிள்ளைகள் அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ அனுப்பப்படும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அணியில் இருப்பதால் பத்து மாதம் கூடுதலாகப் பாடசாலையில் நின்று, அதனால் பரீட்சை எழுதி, அதனால் உயர்தரம் போன பிள்ளை ஒருத்தி இருந்தாலும் அந்தப் பயிற்றுவிப்பாளர் வென்றவர்தான்.

அதற்கு முதலில் அம்மாக்களின் நம்பிக்கை வேண்டும். மலையில் நின்று கொழுந்து பறித்து, நிறைக் கணக்கில் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், என்ற பயத்தோடு வீடு திரும்புகிற தாயிடம், மகள் இருட்டிய பின் வருவாள் என்று சொல்வது எளிதில்லை. ஆகவே பயிற்றுவிப்பாளர் லயத்துக்குப் போக வேண்டும். வாசலில் உட்கார்ந்து, எத்தனை மணிக்குப் பயிற்சி முடியும், யாரோடு பிள்ளை வருவாள், வெளியூர்ப் போட்டிக்கு எந்தப் பெண் ஆசிரியை கூடப் போவார் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்குப் பிள்ளை வீடு வந்து சேர வேண்டும். பயிற்சியில் அடி, ஏச்சு, உடம்பைப் பற்றிய கேலி எதற்கும் இடமில்லை என்பதை முதல் நாளே பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு மரியாதை கிடைக்கிற இடத்துக்கு அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டி வருவாள்.

அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய பயிற்றுவிப்பாளரிடம் முதல் ஆண்டிலேயே கிண்ணம் கேட்காதீர்கள். வலய மட்டத்தில் முதல் சுற்றோடு திரும்பி வந்தாலும் காலை ஒன்றுகூடலில் அந்த அணியை மேடைக்கு அழைத்துக் கைதட்டுங்கள். பாடநேர அட்டவணையில் விளையாட்டுக்குரிய வேளையைக் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ எடுத்துக்கொடுக்காதீர்கள். வலயக் கல்வி அலுவலகங்கள் உடற்கல்வி ஆசிரியரை இடம் மாற்றும்போது, அடுத்தவர் வரும்வரை அணியைப் பார்க்க ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டு மாற்றட்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஒரு மூலைச் சமதளத்தை ஒதுக்கித் தருவதும், போட்டி நாளில் ஒரு லொறி அனுப்புவதும் உங்களுக்குச் சின்னக் காரியம். பிள்ளைகளுக்கு அது ஓராண்டின் வாய்ப்பு. அடிப்படை நாட்சம்பளம் உயர்ந்த பிறகும், விளையாட்டுச் சப்பாத்து என்பது பல நாள் பேரை விழுங்குகிற செலவாகவே இருக்கிறது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பழைய மாணவர்கள் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்களுக்கு அடிக்கடி எழுதுகிறீர்கள். இதோ வழி: நீங்கள் படித்த பாடசாலையின் அணிக்கு ஆண்டுக்கு நான்கு பந்து, பன்னிரண்டு சோடிச் சப்பாத்து. ஒரு தடவை பெரிய தொகை கொடுத்துப் பெயர்ப்பலகை வைப்பதை விட, பத்து ஆண்டு விடாமல் இதைக் கொடுப்பது மேல்.

புதிய சேரே, டீச்சரே, கடைசியாக உங்களுக்கு. உங்கள் முதல் ஆட்டத்தில் பெரும்பாலும் தோற்பீர்கள். பெரிய கல்லூரி ஒன்று பளபளக்கும் உடுப்போடு வந்து 40 புள்ளி வித்தியாசத்தில் வென்றுவிட்டுப் போகும். திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்போது நைஸ்மித்தின் 60 தோல்விகளைச் சொல்லுங்கள். மெக்லென்டனுக்கு மூடப்பட்டிருந்த அணியையும், அவர் பிறகு கட்டிய அணியையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அடுத்த பயிற்சி செவ்வாய்க்கிழமை, வழக்கமான நேரம் என்று சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை நீங்கள் அங்கே நில்லுங்கள்.

இந்தச் சஞ்சிகையின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த இதழிலிருந்து ஊவாவின் பாடசாலை அணிகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். கிண்ணம் வென்ற அணிகளின் படம் எப்படியும் எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிடும். நாங்கள் கேட்பது வேறு. இந்தத் தவணையில் எத்தனை நாள் பயிற்சி நடந்தது, எத்தனை பிள்ளைகள் விடாமல் வந்தார்கள், பெரியவர்கள் சின்னவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று அணித் தலைவரோ தலைவியோ தங்கள் கொப்பியைப் பார்த்து எழுதி அனுப்பட்டும். தோற்ற ஆட்டத்தைப் பற்றியும் எழுதட்டும். லுணுகலையிலிருந்து வந்தாலும், மடுல்சீமையிலிருந்து வந்தாலும், கொஸ்லந்தையிலிருந்து வந்தாலும் ஒவ்வொன்றையும் வாசித்துப் பிரசுரிப்போம். அடுத்த ஆண்டு இதே மாதம் அதே பாடசாலைகளிடம் மறுபடியும் கேட்போம். தொடர்ந்து எழுதுகிற அணிகள் எத்தனை என்பதை வைத்தே இந்தப் பக்கம் எழுதியதன் பயனை நாங்கள் அளந்துகொள்வோம்.

உங்கள் கடிதங்களை எதிர்பார்த்திருக்கும்,

அன்புடன்,
ஆசிரியர்